ப்ரீஆம்பின் இடப்பக்கத்தில் கடுகு வெடிக்கிறது: வால்வை மாற்றுவதா?

கேள்வி: திருவான்மியூர் இசைத்தட்டு

அனைவருக்கும் வணக்கம். திருவான்மியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள ஒரு வீட்டின் முதல் மாடியில் குடியிருக்கிறேன். மறைந்த என் பெரியப்பாவின் இசைத்தட்டுகளோடு, தொண்ணூறுகளில் அவரே தகரப் பெட்டி வெட்டி, துளையிட்டு, பற்றவைத்துச் செய்துகொண்ட வால்வு ப்ரீஆம்ப் (இசைத்தட்டு ஊசி தரும் மெல்லிய ஒலியை ஆம்ப்ளிஃபையருக்கு முன்பே பெருக்கித் தரும் பெட்டி) ஒன்றும் என்னிடம் வந்து சேர்ந்தது. அதில் மூன்று வால்வுகள் (காற்று நீக்கிய கண்ணாடிக் குழல்கள்) உள்ளன. இசைத்தட்டு ஒலியைப் பெருக்க இசிசி 83 என்ற வகையில் இரண்டு, வெளியீட்டுக்கு இசிசி 82 என்ற வகையில் ஒன்று. மூன்றிலும் பிஇஎல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) முத்திரை இருக்கிறது. ஒன்றில் மட்டும் எழுத்துகள் பாதி அழிந்துவிட்டன.

சித்திரை பிறந்ததிலிருந்து ஒரு தொல்லை. கருவியை இயக்கி ஏறக்குறைய இருபது நிமிடம் ஆனதும், இடப்பக்க ஒலிபெருக்கியில் காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற சடசடப்பு தொடங்குகிறது. தனி ஆவர்த்தனத்தின்போது அது காதில் விழுவதில்லை. ஆனால் ஆலாபனை முடிந்து தம்புராவின் சுருதி மட்டும் நிற்கும் இடத்தில் பொறுக்க முடியவில்லை. இது போதாதென்று, ஊசியைத் தூக்கிய பிறகும் இரு பக்கமும் மெல்லிய ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இணையத்தில் ஒரு விற்பனையாளர், 1960களில் செய்யப்பட்ட முல்லார்டு இசிசி 83 ஜோடி தம்மிடம் இருப்பதாகவும் விலை பதினெட்டாயிரம் ரூபாய் என்றும் சொல்கிறார். நண்பர் ஒருவரோ, இப்போது ஸ்லோவாக்கியாவில் செய்யப்படும் புதிய ஜேஜே வால்வே போதும், விலை அதில் ஒரு சிறு பங்குதான் என்கிறார். இவற்றில் எதை வாங்குவது, கடற்காற்றில் இவற்றை எப்படிப் பேணுவது, ஒரு வால்வின் ஆயுள் முடிந்துவிட்டதென்று எதைக் கொண்டு அறிவது என்பவற்றை விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். மல்டிமீட்டர் பிடிக்கவும் பற்றவைக்கவும் ஓரளவு தெரியும்.

பதில்: பழைய ரேடியோக்காரர்

தம்பி, பணத்தை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள். மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன்பிருந்தே வால்வு ரேடியோக்களைப் பிரித்துப் பழகியவன் நான். என்னிடம் "வால்வு போய்விட்டது" என்று வந்தவற்றில் பாதிக்கு மேல் வால்வில் குறை இருந்ததில்லை. (இளைஞர்கள் இதை டியூப் என்கிறார்கள். எனக்கு டியூப் என்றால் விளக்கும் சைக்கிளும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆகவே வால்வு என்றே எழுதுகிறேன்.)

முதலில் குற்றவாளி யார் என்று பார்க்க வேண்டும். உங்கள் பெரியப்பா எந்த முறையில் கம்பி இழுத்திருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இசிசி 83 என்பது ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வுகள் வைத்தது போன்றது: 1, 2, 3 ஆகிய கால்கள் ஒரு பாதியின் பிளேட், கிரிட், கேத்தோடு, 6, 7, 8 மற்றொரு பாதியின் அதே மூன்று. 4, 5, 9 ஆகியவை ஹீட்டருக்கு உரியவை. (ஹீட்டர் சூடாக்க, கேத்தோடு எலெக்ட்ரான்களை உமிழும்; கிரிட் அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும்; பிளேட் அதை வாங்கிக்கொள்ளும்.) சிலர் ஒரு வால்வை முழுவதும் இடப்பக்கத்துக்கும் மற்றதை முழுவதும் வலப்பக்கத்துக்கும் ஒதுக்குவார்கள். வேறு சிலர் முதல் வால்வில் இரு பக்கங்களின் முதற்கட்டத்தையும், அடுத்ததில் இரு பக்கங்களின் இரண்டாம் கட்டத்தையும் வைப்பார்கள். முதல் முறையாக இருந்தால் உங்கள் வேலை எளிது. கருவியை அணைத்து, வால்வுகள் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இரண்டு இசிசி 83களையும் இடம் மாற்றிச் செருகுங்கள். சடசடப்பு வலப்பக்கத்துக்குப் போனால் வால்வுதான் குற்றவாளி. இடப்பக்கத்திலேயே நின்றால், நீங்கள் பதினெட்டாயிரம் கொடுத்து எதை வாங்கிச் செருகினாலும் அங்கேதான் நிற்கும்.

அடுத்து, ஒலியளவைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒரு பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஒலிபெருக்கியில் சிறு "டொக்" கேட்டால் அது இயல்பு. மணி அடித்தாற்போல் கணகணவென்று நீண்டால், உள்ளே கிரிட் சுற்றிய கம்பியோ பிளேட்டோ தளர்ந்து ஆடுகிறது என்று பொருள். அத்தகைய வால்வை வெளியீட்டுக் கட்டத்தில் வைத்தால் யாருக்கும் தெரியாது; இசைத்தட்டின் முதற்கட்டத்தில் வைத்தால் தெருவில் தண்ணீர் லாரி போவதுகூடக் கேட்கும்.

கண்ணாடியின் உச்சியில் உள்புறமாகக் கண்ணாடிப் பூச்சு போல வெள்ளி மினுக்கம் இருக்கும். அது பேரியம், உள்ளே மிஞ்சியிருக்கும் காற்றையும் பிறகு கசியும் வாயுவையும் உறிஞ்சுவதற்காக ஆலையிலேயே ஆவியாக்கிப் படிய வைத்தது. அது பால் போல் வெளுத்துவிட்டால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வைக் குப்பையில் போடலாம். ஓரம் மட்டும் பழுப்பேறி இருந்தால் வயதாகிவிட்டது என்று கொள்ளலாம். உடனே மாற்ற வேண்டியதில்லை.

திருவான்மியூர் என்கிறீர்கள். உப்புக்காற்றும் ஈரமும் கண்ணாடிக்குள் போகப் போவதில்லை. அவை கடிப்பது கால்களையும் சாக்கெட்டையும்தான். ஆண்டுக்கு இரு முறை, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் ஒன்பது கால்களையும் துடைத்து, உலர்ந்த பின் இரண்டு மூன்று முறை செருகி எடுங்கள். உப்புத்தாளைத் தொடவே தொடாதீர்கள். மேற்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் கால் கறுத்துவிடும். துடைக்கும்போது எழுத்துகளின் மேல் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வால்வின் எழுத்து வெறும் கைவியர்வைக்கே அழியும். உங்களுடைய ஒன்றில் பாதி அழிந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

பதில்: நங்கநல்லூர் மின்னியல்

பெரியவர் சொன்ன இடமாற்றச் சோதனையைச் செய்யாமல் எதையும் வாங்க வேண்டாம் என்பதை நானும் வழிமொழிகிறேன். மின்பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அவர் தொடாத ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

உங்கள் வீட்டுச் சுவரில் எத்தனை வோல்ட் வருகிறது? 230 என்பது ஏட்டில் உள்ள எண். சென்னையில் நள்ளிரவுக்குப் பிறகு 245 வரை ஏறிய வீடுகளை நான் அளந்திருக்கிறேன். தொண்ணூறுகளில் கையால் சுற்றப்பட்ட மின்மாற்றி பெரும்பாலும் 220 வோல்ட் கணக்கில் சுற்றப்பட்டிருக்கும். அப்படியானால் 6.3 வோல்ட் கிடைக்க வேண்டிய ஹீட்டருக்கு, சுவரில் 245 இருக்கும்போது 7 வோல்ட் போகும். அதாவது பதினொரு விழுக்காடு மிகை. பொதுவாக அனுமதிக்கப்படும் எல்லையே பத்து விழுக்காடுதான். கேத்தோடின் மேலுள்ள ஆக்சைடு பூச்சு அளவுக்கு மேல் சூடேறினால் மெல்ல ஆவியாகி, அருகிலுள்ள கிரிட்டின் மேல் படியும். விலை உயர்ந்த பழைய வால்வை வாங்கி, இரண்டே ஆண்டில் அதை இப்படி வறுத்துக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கடைசிவரை குறை சொன்னது விற்றவரை.

ஆகவே கருவி சூடான பிறகு, வால்வுகள் செருகிய நிலையிலேயே, ஹீட்டர் முனைகளில் அளந்து பாருங்கள். உங்கள் மூன்று வால்வுகளும் 6.3 வோல்ட்டில் ஆளுக்கு 300 மில்லிஆம்பியர் எடுக்கும், மொத்தம் 0.9 ஆம்பியர். 0.7 வோல்ட்டைக் குறைக்க ஹீட்டருக்குப் போகும் இரண்டு கம்பிகளிலும் ஆளுக்கு ஒரு 0.39 ஓம், 2 வாட் கம்பிச்சுற்று ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்தால் போதும். ஒரே கம்பியில் முழுவதையும் சேர்த்தால் சமநிலை கெட்டு ரீங்காரம் கூடலாம்.

இரண்டாவது, ரீங்காரம். அது 50 ஹெர்ட்ஸா 100 ஹெர்ட்ஸா என்று காதாலேயே பிரித்தறியலாம். சங்கீதம் கேட்கும் உங்களுக்கு அது கடினமன்று, ஏனென்றால் இரண்டுக்கும் இடையே சரியாக ஒரு ஸ்தாயி. 100 என்றால், மின்வழங்கியிலுள்ள எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் காய்ந்துவிட்டன என்று ஐயப்படலாம். அவற்றின் சூடு பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது நாங்கள் கைக்கணக்காக வைத்திருப்பது. வெளியே கத்திரி வெயில், பெட்டிக்குள் வால்வுகள் என்றால் மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம். 50 என்றால் ஹீட்டரிலிருந்தோ மண் இணைப்பிலிருந்தோ வருகிறது. ஆர்ஐஏஏ சமன்பாடு, அதாவது தட்டில் குறைத்துப் பதிந்த கீழ் ஒலிகளைத் திரும்ப உயர்த்திச் சமன் செய்யும் முறை, 50 ஹெர்ட்ஸை 1000 ஹெர்ட்ஸைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு தூக்கிக் கொடுக்கிறது. அதனால்தான் வேறெங்கும் கேட்காத ரீங்காரம் இந்தக் கட்டத்தில் மட்டும் கேட்கிறது.

மூன்றாவது, சூடேறிய பின் தொடங்கும் சடசடப்பு. பிளேட்டுக்கு மின்சாரம் போகும் வழியிலுள்ள பிளேட் ரெசிஸ்டர் பழைய கார்பன் வகையாக இருந்தால் என் ஐயம் முதலில் அதன் மேல்தான் விழும். அது ஈரத்தை உறிஞ்சும், சூடேறினால் இரையும்.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. அந்தப் பெட்டிக்குள் 250 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும். ஐந்து நிமிடம் காத்திருந்து, மீட்டரால் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள். இயங்கும் நிலையில் அளக்க நேர்ந்தால் ஒரு கை மட்டும் வேலை செய்யட்டும், மற்றது முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

பதில்: அண்ணாநகர் சேகரிப்பாளர்

கேட்டவர் எதை வாங்குவது என்றும் கேட்டிருக்கிறார். அதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. நான் பழைய வால்வுகளைச் சேர்ப்பவன். ஆகவே ஒருபக்கச் சாய்வு உண்டு என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

முல்லார்டு என்று அச்சிடப்பட்டிருப்பதாலேயே அது முல்லார்டு ஆகிவிடாது. இன்று அந்தப் பெயரில் புதிதாக வருபவை ருஷ்யாவின் சராத்தோவ் நகரில் செய்யப்படுபவை. அவை கெட்டவை அல்ல, ஆனால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. பழையவற்றில் அச்சு எழுத்தை யாரும் மறுபடி அடித்துவிடலாம். கண்ணாடியின் அடிப்பகுதியில் மங்கலாகப் பொறித்த இரண்டு வரிக் குறியீட்டைப் பாருங்கள். இரண்டாம் வரி ஆலையின் அடையாளத்தோடு தொடங்கும்: ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து என்றால் பிளாக்பர்ன், சிறு முக்கோணம் என்றால் ஹாலந்தின் ஹேர்லென். ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்து வால்வாக இருந்தால் கால்களுக்கு நடுவே, அடிக் கண்ணாடியிலேயே ஒரு வைர வடிவம் வார்க்கப்பட்டிருக்கும். பிளாக்பர்னில் செய்த வால்வுகளே வேறு பல முத்திரைகளோடும் வெளிவந்தன; குறியீட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்த வேறு முத்திரை வால்வு பாதி விலைக்குக் கிடைக்கும். உங்கள் விற்பனையாளரிடம் அந்தக் குறியீட்டின் படத்தைக் கேளுங்கள். தரத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

"சோதிக்கப்பட்டது" என்ற சொல்லும் அப்படித்தான். பெரும்பாலான சோதனைக் கருவிகள் கேத்தோடிலிருந்து போதிய மின்னோட்டம் வருகிறதா என்பதை மட்டுமே சொல்லும். இரைச்சலையோ கணகணப்பையோ சொல்லா. நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன், நூற்றுக்கு நூறு என்று சீட்டு ஒட்டிய ஒரு வால்வை வெளியூரிலிருந்து வரவழைத்தேன். மின்னோட்டம் உண்மையிலேயே புதியதற்கு நிகராக இருந்தது. ஆனால் மின்விசிறி போட்டால் அதன் ஒலி ஒலிபெருக்கியில் வந்தது. இன்று அது என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்கப் பயன்படுகிறது.

பெயரைவிட இடம் முக்கியம். ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். அதைத் தொடும் முதல் வால்வின் இரைச்சல், பின்னால் வரும் அத்தனை பெருக்கத்துக்கும் ஆளாகிறது. உங்கள் கையிலுள்ளவற்றில் மிக அமைதியானதை அங்கே வையுங்கள், பணம் செலவழிப்பதென்றாலும் அங்கே செலவழியுங்கள். வெளியீட்டிலுள்ள இசிசி 82க்கு எந்த நிறுவனத்தின் புதிய வால்வும் போதும். முதற்கட்டத்துக்கு ஜேஜேயின் இசிசி 83எஸ் நல்ல தேர்வு. அதன் பிளேட்டுகள் குட்டையானவை. நெட்டைப் பிளேட் வால்வுகளைவிட அதிர்வுக்குக் குறைவாகவே அசைகின்றன.

மாற்று வகைகளைப் பற்றியும் ஒரு சொல். இசிசி 83, அமெரிக்கப் பெயரில் 12ஏஎக்ஸ்7, பெருக்கக் காரணி 100 கொண்டது. ஒலி மிகுதியாக இருக்கிறதென்றால் அதே கால் அமைப்பில் 70 காரணி கொண்ட 5751ஐப் போடலாம். ஆனால் "ஒன்பது கால்தானே" என்று 6டிஜே8 என்ற வேறு வகை வால்வைச் செருகிவிடாதீர்கள். அதன் ஹீட்டர் இணைப்பு வேறு, பிளேட் தாங்கும் எல்லை 130 வோல்ட் மட்டுமே. இசைத்தட்டுக் கட்டத்தில் இசிசி 82ஐ இசிசி 83க்குப் பதிலாகப் போட்டால் வால்வு கெடாது. ஆனால் ஒலி வெகுவாகக் குறைந்து, சமன்பாடும் பிசகிவிடும்.

பெரியவரோடு ஓர் இடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். கைவசமுள்ள பிஇஎல் வால்வுகளைக் குறைவாக மதிக்க வேண்டாம் என்றும் அவர் சொல்லியிருக்கலாம். பெங்களூரில் அறுபதுகளில் தொடங்கி அவை செய்யப்பட்டன. என் சேகரிப்பில் உள்ளவற்றில் அமைதியான இரண்டு அவையே.

மீண்டும்: திருவான்மியூர் இசைத்தட்டு

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரமாகச் செய்தவற்றை முறையாக எழுதுகிறேன்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்ததில், ஒரு பக்கத்துக்கு ஒரு வால்வு என்ற முறையிலேயே பெரியப்பா கம்பி இழுத்திருக்கிறார். மூடியின் உட்புறம் பென்சிலால் சுற்றுப்படமும் வரைந்திருக்கிறார். அவருடைய எழுத்தை அங்கே எதிர்பார்க்கவில்லை. இரண்டு இசிசி 83களையும் இடம் மாற்றினேன். இருபத்திரண்டாவது நிமிடத்தில் கடுகு வெடித்தது, அதே இடப்பக்கத்தில். ஆக, வால்வு குற்றமற்றது.

பென்சில் சோதனையில், எழுத்து அழிந்த வால்வு மட்டும் கணகணவென்று இரண்டு நொடி ஒலித்தது. சுவரில் இரவு பதினொரு மணிக்கு 244 வோல்ட். ஹீட்டரில் சரியாக 7.0. அம்மையார் எழுதிய எண்ணை மீட்டரில் அப்படியே பார்த்தபோது சற்று நேரம் கையிலிருந்த முனையை எடுக்கத் தோன்றவில்லை.

ரிச்சி தெருவுக்குப் போய் 0.39 ஓம் கம்பிச்சுற்று ரெசிஸ்டர் இரண்டும், பிளேட்டுக்காக 100 கிலோ ஓம், 1 வாட் மெட்டல் ஃபிலிம் நான்கும் வாங்கினேன். மொத்தச் செலவு ஆட்டோவுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. இடப்பக்கத்தில் கழற்றிய பழைய ரெசிஸ்டர், 100 கிலோ ஓம் என்று நிறக்கோடுகள் சொன்னாலும் மீட்டரில் 131 காட்டியது. இப்போது ஹீட்டரில் 6.3 இருக்கிறது, நேற்று மூன்று மணி நேரம் தொடர்ந்து கேட்டும் கடுகு வெடிக்கவில்லை. கணகணக்கும் வால்வுக்குப் பதிலாக ஒரே ஒரு புதிய இசிசி 83எஸ் வாங்கிச் செருகியிருக்கிறேன்.

ரீங்காரம் குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை. என் காதுக்கு அது கீழ் ஸ்தாயிதான், அதாவது 50. வேறு இரண்டு ஐயங்களும் உண்டு. எப்போதும் சூடாக இருந்தால் நல்லது என்று ஒருவர் சொல்வதைக் கேட்டு நாள் முழுவதும் இயக்கியே வைக்கலாமா? மின்தடையின்போது இன்வெர்ட்டரில் கேட்கலாமா?

பதில்: நங்கநல்லூர் மின்னியல்

நாள் முழுவதும் வேண்டாம். நல்ல நிலையிலுள்ள சிறு வால்வு பல ஆயிரம் மணி நேரம் உழைக்கும். நீண்ட ஆயுளுக்கென்றே செய்யப்பட்ட இ88சிசி போன்றவை 10,000 மணி நேரம் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டன, நாளைக்கு மூன்று மணி நேரம் கேட்டால் அது ஒன்பது ஆண்டு. கேட்காத நேரத்தில் அந்தக் கணக்கை ஏன் கரைக்க வேண்டும்? ப்ரீஆம்பை முதலில் இயக்கி, அரை நிமிடம் கழித்து ஆம்ப்ளிஃபையரை இயக்குங்கள். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபையர் முதலில்.

சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரில் கேட்க வேண்டாம். மின்மாற்றி முனகும், பிளேட் மின்னழுத்தமும் இறங்கும். மின்சாரம் போனால் ப்ரீஆம்பின் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்து இயக்குவதே நல்லது.

பதில்: பழைய ரேடியோக்காரர்

மகிழ்ச்சி, தம்பி. பிஇஎல் வால்வைப் பற்றி அண்ணாநகர்க்காரர் சொன்னது சரிதான்; அதை நான் சொல்லாமல் விட்டது என் பிழை. கணகணத்த அந்த வால்வை எறிந்துவிடாதீர்கள். ஒரு எவர்சில்வர் டப்பாவில், புது மிதியடியோடு வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போட்டு, மூடி வையுங்கள். அவசரத்துக்கு உதவும்.

மிஞ்சிய ரீங்காரத்துக்கு ஒரு சோதனை. டர்ன்டேபிளின் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஊசி தட்டில் படாமல், கையால் டோன்ஆர்மை (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் தண்டை) மெல்ல உள்ளும் வெளியுமாக நகர்த்திப் பாருங்கள். ரீங்காரம் ஏறி இறங்கினால், கார்ட்ரிட்ஜ் பக்கத்திலுள்ள மின்மாற்றியின் காந்தப்புலத்தைப் பிடிக்கிறது. ப்ரீஆம்பை இரண்டடி தள்ளி வைத்தால் போதும். ஏறி இறங்காவிட்டால், டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய மண் கம்பியின் முனையைப் பாருங்கள். திருவான்மியூரில் அது பச்சை பூத்திருக்கும்.

மீண்டும்: திருவான்மியூர் இசைத்தட்டு

பச்சை பூத்துத்தான் இருந்தது, ஐயா. அரை அங்குலம் வெட்டி, புதிதாகத் தோலுரித்துத் திருகிவிட்டேன்.